நோய்க்கால உதவித்தொகையும் பணி நிரந்தரமும்: வேலைக்கு வராமை எதனால் கூடுகிறது?

பதிவேட்டுக்காரர் (இழையைத் தொடங்கியவர்)
2024 ஆகஸ்ட் 4, மாலை 6:12

அனைவருக்கும் வணக்கம். கோவைப் பகுதியில் மோட்டார் பம்புகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு தொழிற்கூடத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாளர் பிரிவைக் கவனித்துவருகிறேன். மொத்தம் 120 தொழிலாளர்கள். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ச்சியாகப் பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும். பல இடங்களில் 470ஆவது நாளில் கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. எங்கள் முதலாளி அந்த வேலை தமக்கு வேண்டாம் என்று சொல்லி, 2022 ஆகஸ்டில் 34 பேரை ஒரே நாளில் நிரந்தரமாக்கினார். அன்று கூடத்தில் லட்டு கொடுத்தோம்.

இப்போது இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன. சென்ற வாரம் உற்பத்தி மேலாளர் ஒரு தாளை முதலாளியின் மேசையில் வைத்தார். அந்த 34 பேரும் நிரந்தரமாவதற்கு முன் ஆளுக்கு மாதம் சராசரியாக அரை நாள் வேலைக்கு வராமல் இருந்தார்கள்; இப்போது அது முக்கால் நாளைத் தாண்டிவிட்டது. "நல்லது செய்ததற்கு இதுதான் பலனா?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அவர் வருத்தமாகக் கேட்டார்.

ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவருக்கு மாதம் 1,500 ரூபாய் வருகை ஊக்கத்தொகை என்று அறிவித்துவிடலாம் என்பது மேலாளரின் யோசனை. நான் அதற்குத் தயங்குகிறேன், ஆனால் தயக்கத்திற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. வேலை உறுதியும் நோய்க்காலப் பணமும் கூடினால் வராமை கூடும் என்பது உண்மையா? உண்மையானால், அது சோம்பல்தானா? இந்தக் கேள்வியை வேறு நாடுகளில் யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

---

லேத் எண் 7
2024 ஆகஸ்ட் 4, இரவு 8:40

இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, ஐயா. நானும் ஒரு சிறு பட்டறை நடத்துகிறேன். தற்காலிகமாக இருக்கும்வரை மழையானாலும் வெயிலானாலும் ஏழரை மணிக்கு வாசலில் நிற்பவர், கையில் உத்தரவு வந்த மூன்றாம் மாதம் பாட்டி இறந்துவிட்டதாகச் சொல்கிறார். அதே பாட்டி அடுத்த ஆண்டும் இறக்கிறார். வேலை போகாது என்று தெரிந்தால் மட்டம் போடுவது மனித இயல்பு. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அவர்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

---

பொருளியல் மாணவி
2024 ஆகஸ்ட் 4, இரவு 10:55

லேத் எண் 7 ஐயா சொல்வதை முழுவதும் மறுக்க முடியாது. அவருடைய அனுபவத்தை ஒத்த ஒரு முடிவு ஆய்வுகளிலும் உண்டு.

ஆண்ட்ரியா இக்கினோ, ரெஜினா ரிஃபான் என்ற இரு பொருளியலாளர்கள் இத்தாலிய வங்கி ஒன்றின் பணியாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 2005இல் வெளிவந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதங்கள் தகுதிகாண் காலம். அதன்பின் அவரை நீக்குவது மிகக் கடினம். ஒரே மனிதரைத்தான் பன்னிரண்டாம் வாரத்திற்கு முன்பும் பின்பும் பார்க்கிறார்கள் என்பதால், இவர் உழைப்பாளி, அவர் சோம்பேறி என்ற வேறுபாட்டுக்கு இடமில்லை. பாதுகாப்பு கிடைத்தவுடன் வராத நாட்கள் தெளிவாகக் கூடின. ஆண்களிடம் இந்த மாற்றம் குறிப்பாகப் பெரிதாக இருந்தது.

இரண்டாவது சான்று சுவீடனிலிருந்து வருகிறது. அங்கே ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியேற வேண்டும் என்பது சட்டம். 2001இல் ஒரு தளர்வு கொண்டுவந்தார்கள்: பத்துப் பேர் வரை உள்ள நிறுவனம், தான் விரும்பும் இருவரை அந்த வரிசையிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளலாம். அதாவது, சிறு நிறுவனங்களில் மட்டும் வேலை உறுதி சற்றே குறைந்தது. பதினோரு பேர் உள்ள பக்கத்து நிறுவனத்தில் எதுவும் மாறவில்லை. அசார் லிண்ட்பெக், மார்ட்டன் பால்மே, மட்ஸ் பெர்ஷோன் ஆகியோர் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி ஆராய்ந்தார்கள். உறுதி குறைந்த இடங்களில் நோய்விடுப்பு குறைந்தது.

ஆனால் அந்தக் கட்டுரையில் மேலும் இரண்டு செய்திகள் உண்டு. அவற்றைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதிகம் விடுப்பு எடுப்பவர்கள் அந்தச் சிறு நிறுவனங்களைவிட்டு விலகத் தொடங்கினார்கள். மறுபுறம், முன்பு அதிக விடுப்பு எடுத்த வரலாறு உள்ளவர்களைப் புதிதாக வேலைக்கு எடுப்பதில் அதே நிறுவனங்களின் தயக்கமும் குறைந்தது. சட்டம் மாறியபோது ஒரே ஆளின் நடத்தையோடு யார் எங்கே வேலை செய்கிறார் என்பதும் சேர்ந்தே மாறியது.

பதிவேட்டுக்காரர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அந்த 34 பேரைத் தவிர, 2022க்கு முன்பே நிரந்தரமாக இருந்த பழைய தொழிலாளர்களின் கணக்கு என்ன சொல்கிறது? அவர்களுடைய வராமையும் இதே அளவு கூடியிருந்தால், நிரந்தரத்தின் மேல் பழி போடுவதில் பொருளில்லை.

---

பதிவேட்டுக்காரர்
2024 ஆகஸ்ட் 5, காலை 7:20

நல்ல கேள்வி, அம்மா. பழையவர்கள் ஏறத்தாழ 60 பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு அசையவில்லை என்றே நினைக்கிறேன்; எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன். கையால் எழுதிய வருகைப் பதிவேடு, கொஞ்சம் காலம் பிடிக்கும்.

---

உப்சாலாவாசி
2024 ஆகஸ்ட் 5, பிற்பகல் 1:34

நான் பதினான்கு ஆண்டுகளாகச் சுவீடனில் வேலை செய்கிறேன், ஊர் கும்பகோணம். இங்குள்ள நடைமுறையை ஒரு பயனாளியாகச் சொல்கிறேன்.

காலையில் காய்ச்சல் என்றால் மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிடலாம். எட்டாம் நாளிலிருந்துதான் மருத்துவச் சான்று கேட்பார்கள். முதல் 14 நாட்களுக்கு முதலாளியே 80 விழுக்காடு ஊதியம் தர வேண்டும். அதன்பின் அரசின் சமூகக் காப்பீட்டு அலுவலகம் தரும். தொடக்கத்தில் ஒரு கழிவு உண்டு. முன்பு அதற்குக் 'காரென்ஸ்' நாள் என்று பெயர்: முதல் நாளுக்குக் காசில்லை. 2019 முதல் அதைச் சராசரி வார நோய் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று மாற்றிவிட்டார்கள்.

இந்த ஒரு நாளை வைத்து இந்த நாடு முப்பது ஆண்டுகளாக ஊஞ்சல் ஆடியிருக்கிறது. 1987 டிசம்பரில் அதை எடுத்தார்கள், முதல் நாளிலிருந்தே பணம் வந்தது. 1991 மார்ச்சில் முதல் மூன்று நாட்களுக்கான விகிதத்தை 65 விழுக்காடாகக் குறைத்தார்கள். 1993இல் காசில்லாத முதல் நாள் திரும்பி வந்தது. பணம் மாறும்போது விடுப்பும் மாறியது என்பதை இங்கே யாரும் மறைப்பதில்லை. 1988இல் கால்கரி குளிர்கால ஒலிம்பிக் நேரத்தில், நள்ளிரவு ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு ஆண்கள் அதிகமாக நோய்விடுப்புச் சொன்னார்கள் என்றுகூட ஓர் ஆய்வு உண்டு. நம் ஊர் கிரிக்கெட் இறுதிப் போட்டி நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1988இன் இரண்டாம் பாதியில் யோத்தெபோரி நகரிலும் யெம்ட்லாந்து மாகாணத்திலும் ஒரு சோதனை செய்தார்கள். இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் எட்டாம் நாளுக்குப் பதிலாகப் பதினைந்தாம் நாளில் சான்று கொடுத்தால் போதும். ஒற்றைப்படையினருக்குப் பழைய விதி. பணம் இருவருக்கும் ஒன்றுதான். சான்று தள்ளிப்போனவர்களின் விடுப்பு நீண்டது. ஆகவே, பணம், வேலை உறுதி என்ற இரண்டோடு, யார் எப்போது கேள்வி கேட்கிறார்கள் என்ற மூன்றாவதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆனால் 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இதே அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று, அந்த முதல் நாள் கழிவைத் தானே ஈடுகட்டியது. ஒரு நாள் கூலியைக் காப்பாற்ற இருமலோடு பேருந்தில் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஆட்சியாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்றுதானே இதற்குப் பொருள்?

---

மருந்தகத்து மருத்துவர் (ஓய்வு)
2024 ஆகஸ்ட் 5, இரவு 9:03

சுவீடனைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நம் ஊர்த் தொழிலாளி நோயுற்றால் கையில் என்ன வருகிறது என்று ஒருவரும் கணக்குப் போடவில்லையே. நான் 26 ஆண்டுகள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகங்களில் உட்கார்ந்து சான்று எழுதியவன்.

சட்டத்தில் உள்ளது இது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் காப்பீட்டில் வருவார். அவரிடமிருந்து 0.75 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடு பிடித்தம். ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பயன் காலத்தில் நோய்க்கு 70 விழுக்காடு ஊதியம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. முதல் இரண்டு நாட்கள் காத்திருப்பு, அவற்றுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய் முடிந்து 15 நாட்களுக்குள் மறுபடியும் விழுந்தால் மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. காசநோய், புற்றுநோய் போன்ற 34 நெடுநோய்களுக்கு, நீண்ட நாள் சந்தா கட்டியவருக்கு 80 விழுக்காடு.

இனி ஓர் எடுத்துக்காட்டு. நாள் கூலி 600 ரூபாய். மூன்று நாள் காய்ச்சல். இழந்த கூலி 1,800. வரும் பணம் மூன்றாம் நாளுக்குரிய 420 மட்டும். இழப்பில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கும் 70 விழுக்காடு, சாதாரணக் காய்ச்சல்காரருக்கு 23 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது.

இதன்மேல் பதிவேட்டுக்காரர் சொன்ன 1,500 ரூபாய் ஊக்கத்தொகையையும் ஏற்றிப் பாருங்கள். அதுவும் போய்விடும், மூன்று நாள் காய்ச்சலுக்கு மொத்த நட்டம் 2,880. அவரே பத்து நாட்கள் படுத்தால் என்ன ஆகும்? கூலி 6,000 போகும், ஊக்கத்தொகை 1,500 போகும், எட்டு நாட்களுக்கு 3,360 வரும், நட்டம் 4,140. முதல் மூன்று நாட்களில் நாளொன்றுக்கு 960 ரூபாய் இழந்தவர், அடுத்த ஏழு நாட்களில் நாளொன்றுக்கு 180 ரூபாய்தான் இழக்கிறார். படுக்கத் தொடங்குவதைத்தான் நம் ஏற்பாடு தண்டிக்கிறது. நீண்டு படுப்பதற்கு அவ்வளவாகத் தண்டனை இல்லை. காய்ச்சல் தணிந்தும் "இன்னும் நாலு நாள் போட்டுக் கொடுங்கள், ஐயா" என்று கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், கணக்குத் தெரிந்தவர்கள்.

இன்னொன்று. புதிதாகக் காப்பீட்டுக்குள் வந்தவருக்கு முதல் ஒன்பது மாதங்கள் வைத்தியம் உண்டு, பணம் கிடையாது. வேலை உறுதி இல்லாத அதே காலத்தில்தான் நோய்க்காலப் பணமும் இல்லை. இரண்டும் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆகவே, ஆள் நிலைத்தபின் விடுப்புக் கூடினால், எது எதனால் என்று பிரிப்பது அவ்வளவு எளிதன்று.

---

ரிங் ஃபிரேம்
2024 ஆகஸ்ட் 6, காலை 5:48

இரவு ஷிப்டு முடித்து வந்து எழுதுகிறேன். நூற்பாலையில் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ஊக்கத்தொகை பற்றி மேலாளர்கள் பேசுகிறார்கள். அதை வாங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஆலையில் மாதம் முழுவதும் வந்தால் தனித்தொகை. ஒரு நாள் போனாலும் மொத்தமும் போகும். ஓர் ஐப்பசியில் எங்கள் பிரிவில் ஒரு பெண்ணுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. அன்று மாதத்தின் இருபத்திரண்டாம் நாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். சூப்பர்வைசருக்குத் தெரியும், ஆள் பற்றாக்குறையால் அவரும் பேசவில்லை. அறுந்த நூலைப் பிணைக்கும்போது கண்ணைத் துடைத்த கையால் பாபினைத் தொடுகிறோம். அடுத்த ஷிப்டில் அதையே இன்னொருவர் தொடுகிறார். ஐந்தாம் நாள் எங்கள் வரிசையில் பதினொரு பேருக்குக் கண் சிவந்திருந்தது. அவர்களில் ஆறு பேர் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஒருவருடைய மூன்று நாட்களை மிச்சப்படுத்தப் போய் ஆலைக்கு எத்தனை நாட்கள் போயின என்று எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலும், அது அந்த ஐந்து பேரின் 'மட்டம்' என்றுதான் பதிவாகியிருக்கும்.

லேத் எண் 7 அண்ணன் சொல்லும் பாட்டிகள் எங்களிடமும் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தற்காலிகமாக இருப்பவர் ஏழரைக்கு வாசலில் நிற்பது உடம்பு நன்றாக இருப்பதால்தான் என்று அண்ணன் எப்படி முடிவு செய்தார்?

---

லேத் எண் 7
2024 ஆகஸ்ட் 6, காலை 9:15

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா என்று நான் யாரையும் கேட்டதில்லை. வந்தால் போதும் என்றுதான் இருந்திருக்கிறேன்.

ஆனால் பட்டறைக்காரனின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்பது பேர். இருவர் வரவில்லை என்றால் ஒரு மெஷின் நிற்கும், அன்றைய ஆர்டர் தவறும், வட்டி மட்டும் நிற்காது. பெரிய ஆலை தாங்கும், நான் தாங்கமாட்டேன். சுவீடன்காரன் பத்துப் பேர் வரை என்று கோடு போட்டது சும்மா அல்ல என்று தோன்றுகிறது. சான்று விஷயத்திலும் மருத்துவர் ஐயா பெருமைப்பட வேண்டாம். தெருமுனையில் காசு கொடுத்தால் எந்தத் தேதிக்கும் சீட்டு கிடைக்கும் ஊர் இது.

---

மருந்தகத்து மருத்துவர் (ஓய்வு)
2024 ஆகஸ்ட் 6, காலை 11:30

தனியார் சீட்டு கிடைக்கும். உதவித்தொகைக்கு அது பொதுவாகச் செல்லாது. மருந்தக மருத்துவர் தரும் சான்றுதான் கணக்கு. திரும்பிச் சேரக் கடைசிச் சான்றும் வேண்டும். அதற்காக ஒருவர் குறைந்தது இரண்டு முறை வரிசையில் நிற்கிறார். பல பேர் மூன்று நாள் காய்ச்சலுக்கு மருந்தகப் பக்கமே வருவதில்லை; 420 ரூபாய்க்காக யார் இரண்டு காலைப்பொழுதுகளை இழப்பார்கள்? அவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள், அல்லது சொல்லாமல் நின்றுவிடுவார்கள். அப்படி நின்றவர்களைத்தான் உங்கள் பதிவேடு 'தகவல் இல்லை' என்று எழுதுகிறது.

---

கருப்பு அங்கி
2024 ஆகஸ்ட் 6, இரவு 8:22

தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்காடுபவன். வேலை உறுதி என்று எல்லோரும் ஒரு சொல்லில் பேசுகிறீர்கள். நோய் வந்தபோது அந்த உறுதி எவ்வளவு தூரம் வருகிறது என்பதில் நம் சென்னைக்கே ஒரு வரலாறு உண்டு.

1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு, நோய்க்கால உதவி பெற்றுக்கொண்டிருக்கும்போதோ முறையாகச் சான்றளிக்கப்பட்ட நோயால் வராமல் இருக்கும்போதோ ஒருவரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. படிக்கும்போது அசைக்க முடியாத பாதுகாப்பாகத் தெரியும். பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலையின் நிலையாணை, அதாவது ஆலையின் பணி விதிமுறை, விடுப்பின்றித் தொடர்ந்து எட்டு வேலை நாட்கள் வராதவர் தாமாகவே வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்றது. விடுப்பில் ஊருக்குச் சென்ற ஒரு தொழிலாளி உரிய நாளில் திரும்பவில்லை, பிறகு மருத்துவச் சான்றைக் கொண்டுவந்தார். 1960களில் உச்ச நீதிமன்றம், இது தண்டனையாக நீக்கியது ஆகாது, நிலையாணையின்படி தானாகவே முடிந்த வேலை, ஆகவே 73ஆம் பிரிவு காப்பாற்றாது என்று தீர்ப்பளித்தது. 1993இல்தான் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், விசாரணையே இல்லாமல் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு முரண் என்று சொன்னது. இரண்டுக்கும் இடையில் முப்பது ஆண்டுகள் போய்விட்டன.

என்னிடம் வரும் கட்சிக்காரர்களுக்கு இந்தத் தீர்ப்புகள் தெரியாது. ஆனால் எட்டு நாள் விதி மட்டும் நன்றாகத் தெரியும். ஏழாம் நாள் காய்ச்சலோடு ஆலை வாசலுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

மற்றொரு முரணையும் சொல்லிவிடுகிறேன். ஊதியம் 21,000ஐத் தாண்டினால், அந்தச் சந்தா காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. முடிந்தது. தொழிற்சாலைச் சட்டத்தில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று ஆண்டு விடுப்பு உண்டே தவிர, நோய்விடுப்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய்விடுப்புத் தருகிறது. ஜவுளிக்கடை விற்பனையாளருக்குச் சட்டம் கொடுத்த அந்த 12 நாட்கள், 22,000 வாங்கும் லேத் தொழிலாளிக்கு இல்லை. நிறுவனம் தானாகக் கொடுத்தால் உண்டு.

---

கோப்பு எண்
2024 ஆகஸ்ட் 6, இரவு 10:10

அரசு அலுவலகத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு; டிசம்பர் 31உடன் மீதி காலாவதியாகிவிடும். ஆகவே மார்கழி பிறந்தவுடன் எங்கள் பிரிவில் பலருக்கும் காய்ச்சல் வரும். எங்களுக்கு வேலை போகும் என்ற பயம் ஆண்டு முழுவதும்தான் இல்லை. ஆனால் காய்ச்சல் மட்டும் டிசம்பரில் வருகிறது. இதை வேலை உறுதியின் கணக்கில் எழுதுவதா, காலாவதி விதியின் கணக்கில் எழுதுவதா என்று மாணவி அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

---

பொருளியல் மாணவி
2024 ஆகஸ்ட் 7, காலை 8:05

காலாவதி விதியின் கணக்கில்தான், ஐயா.

ஜெர்மனியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். லேத் எண் 7 ஐயாவின் கவலைக்கும் அது தொடர்புடையது. அங்கே முதல் ஆறு வாரங்களுக்கு முதலாளி முழு ஊதியம் தர வேண்டும். 1996 அக்டோபரில் அதை 80 விழுக்காடாகக் குறைக்கச் சட்டம் வந்தது. ஆனால் பல பெரிய தொழில்களில் தொழிற்சங்கங்கள் ஒப்பந்தம் பேசி முழு ஊதியத்தையே காப்பாற்றிக்கொண்டன. வெட்டு உண்மையில் விழுந்தது ஒப்பந்தப் பலம் இல்லாத இடங்களில்தான். 1998இல் ஆட்சி மாறியது. 1999 ஜனவரியில் பழைய 100 விழுக்காடு திரும்பியது. வெட்டு விழுந்த இடங்களில் விடுப்புக் குறைந்தது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. விடுப்புக் குறைந்தது என்ற எண்ணை மட்டும் வைத்து, குறைந்தது நடிப்பா, நோயோடு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியதா என்று சொல்ல முடியாது. இரண்டும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்து ஒரு வழி அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே நாடு முழுமைக்குமான ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்புச் சட்டம் இல்லை. 2007இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் முதலில் கொண்டுவந்தது, பிறகு வேறு சில நகரங்களும் மாநிலங்களும் தொடர்ந்தன. ஸ்டெஃபான் பிக்லர், நிக்கோலஸ் சீபார்ட் ஆகியோர் வருகைப் பதிவேட்டை விட்டுவிட்டு, காய்ச்சலின் எண்ணிக்கையையே பார்த்தார்கள். சட்டம் வந்த ஊர்களில் ஃபுளு போன்ற காய்ச்சல் குறைந்தது. நடிப்புக்காக மட்டும் மக்கள் வீட்டில் இருந்திருந்தால் ஊரில் காய்ச்சல் குறைய வழியில்லை. ரிங் ஃபிரேம் அண்ணன் சொன்ன கறுப்புக் கண்ணாடிக் கதையைத்தான் அவர்கள் எண்ணாகக் கண்டிருக்கிறார்கள்.

பதிவேட்டுக்காரர் ஐயா, மொத்த நாட்களைக் கூட்டாதீர்கள். ஒற்றை நாள், வார விடுமுறையை ஒட்டிய நாள், மூன்று நாளுக்கு மேல் நீண்டது என்று பிரித்து எண்ணிப் பாருங்கள். நடிப்பானால் ஒற்றை நாளும் திங்கட்கிழமையும் கூடியிருக்க வேண்டும்.

---

பதிவேட்டுக்காரர்
2024 ஆகஸ்ட் 18, மாலை 5:30

தாமதத்திற்கு மன்னியுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டது. மகள் பேரேட்டைப் படிக்க, நான் கோடு போட்டு எண்ணினேன். 2020 ஆகஸ்ட் முதல் 2022 ஜூலை வரை 24 மாதங்கள், அதன்பின் 24 மாதங்கள். ஊரடங்கில் கூடம் மூடியிருந்த வாரங்களை விட்டுவிட்டேன்.

பழைய நிரந்தரத் தொழிலாளர்கள் 60 பேரின் வராமை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆகவே, ஏதோ ஒன்று அந்த 34 பேருக்கு மட்டும்தான் மாறியது.

அவர்களில் ஒற்றை நாள் வராமை 41இலிருந்து 52 ஆகியிருக்கிறது. லேத் எண் 7 அவர்களே, இந்தப் பதினொன்று உங்களுடைய பாட்டிகள்; எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் எட்டு நாட்கள் வரையிலான விடுப்பு 19 முறையிலிருந்து 57 முறையாகியிருக்கிறது. கூடுதல் நாட்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. 57இல் 40க்கு மேல் மருந்தகச் சான்று கோப்பில் இருக்கிறது. முந்தைய 19இல் நான்கிற்குத்தான் இருந்தது.

அத்துடன் ஒரே ஒரு நீண்ட விடுப்பு, 40 நாட்கள். அதை எண்ணும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் வார்ப்புகளைத் தூக்கி மெஷினில் ஏற்றுபவர். நிரந்தரமான ஆறாம் மாதம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடலிறக்க அறுவை செய்துகொண்டார். நேற்று அவரைத் தனியாக அழைத்து, எத்தனை நாளாக அந்தத் தொல்லை இருந்தது என்று கேட்டேன். மூன்று ஆண்டுகள் என்றார். சட்டைக்குள் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வலி வரும்போது பட்டையை இறுக்கிக்கொள்வதற்காகக் கழிப்பறைக்குப் போவாராம். அடிக்கடி போகிறார் என்று நானே ஒருமுறை அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அதன் நகலும் கோப்பில் இருக்கிறது.

---

ரிங் ஃபிரேம்
2024 ஆகஸ்ட் 18, இரவு 7:02

அந்தக் கடிதத்தை என்ன செய்தீர்கள், ஐயா?

---

பதிவேட்டுக்காரர்
2024 ஆகஸ்ட் 18, இரவு 7:41

கோப்பில்தான் இருக்கிறது. கிழித்துப்போட எனக்கு அதிகாரம் இல்லை. திரும்பப் பெற்றதாக ஒரு குறிப்பெழுதிக் கீழே முதலாளியின் கையெழுத்து வாங்கினேன். அப்போதுதான் அவரிடம் இந்தக் கணக்கையும் காட்டினேன். ஊக்கத்தொகை யோசனை இப்போதைக்கு நிற்கிறது. அதற்குப் பதிலாக, மருந்தகச் சான்று கொண்டுவருபவருக்குக் காத்திருப்பு நாட்கள் இரண்டின் கூலியை நிறுவனமே தருவது என்று ஆறு மாதச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். உற்பத்தி மேலாளர் ஒப்பவில்லை; இரண்டு நாள் விடுப்பு பெருகும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். பிப்ரவரியில் எண்ணிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

---

லேத் எண் 7
2024 ஆகஸ்ட் 18, இரவு 9:18

பிப்ரவரிக்குக் காத்திருக்கிறேன். என் ஒன்பது பேரில் ஒருவர் குனியும்போது இடது கையை இடுப்பில் வைத்துக்கொள்வது இன்று மாலைதான் என் கண்ணில் பட்டது. நாளைக் காலையில் கேட்கிறேன்.